அப்பத்தா வீட்டுக்கு வருகிறார்: எதற்குக் கை கொடுப்பது, எங்கே கையை எடுத்துக்கொள்வது

டிஸ்சார்ஜ் நாளன்று வீட்டு ஆட்கள் நர்ஸிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். என்ன சாப்பாடு கொடுக்கலாம், திரும்ப எப்போது காட்ட வேண்டும், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும். "அம்மா இனிமேல் எதைத் தானே செய்துகொள்வார், எதற்கு நாங்கள் வேண்டும்?" என்று கேட்பவர்கள் அபூர்வம். வீட்டுக்குப் போன பிறகு அந்த அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவாரா, கட்டிலோடு கட்டிலாகிவிடுவாரா என்பது அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது.

நான் மதுரைப் பக்கம் மெடிக்கல் வார்டிலும் எலும்பு முறிவு வார்டிலும் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது தெரிந்தவர்கள் வீடுகளுக்குப் போய் டியூப் மாற்றுவது, புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்வது, வீட்டு ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று பொழுது போகிறது. பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, நிமோனியா, இதய பலவீனம் என்று படுத்து, பிறர் துணை இல்லாமல் ஒரு நாளைக் கழிக்க முடியாத நிலையில் வீடு திரும்பும் பெரியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒரு தாளும் ஆறு வரியும்

டிஸ்சார்ஜ் பேச்சு எழுந்ததுமே, வீட்டுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னதாகவாவது, ஒரு தாளில் ஆறு வரி எழுதுங்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, சாப்பிடுவது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: தானே, துணையோடு, முழுக்க நாம். ஓரத்தில் இன்னொரு கட்டம்: ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முந்தைய மாதம் எப்படி இருந்தார்? இந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்ப உங்களால்தான் முடியும். டாக்டர் அவரைப் படுத்த நிலையில்தான் பார்த்திருக்கிறார். போன மாதம்வரை கோயிலுக்கு நடந்து போய் வந்தவரா, ஆறு மாதமாகவே சுவரைப் பிடித்து நடந்தவரா என்பது தெரிந்தால்தான் எதுவரை மீட்கலாம் என்று பேச முடியும்.

இந்த ஆறும் அமெரிக்காவின் க்ளீவ்லாந்து நகரில் சிட்னி கேட்ஸ் என்ற டாக்டரும் அவருடைய குழுவும் இடுப்பு எலும்பு உடைந்த முதியவர்களைக் கவனித்து 1963-இல் வெளியிட்ட பட்டியல். அவர்கள் கண்ட முக்கியமான சங்கதி, திரும்பக் கிடைப்பதில் ஒரு வரிசை இருக்கிறது என்பது. சாப்பிடுவதும் அடக்குவதும் முதலில் திரும்பும். அடுத்து எழுந்து மாறுவதும் கழிப்பறைக்குப் போவதும். உடுத்துவதும் குளிப்பதும் கடைசியில்தான். குழந்தைகள் இவற்றைக் கற்றுக்கொள்ளும் வரிசையும் ஏறத்தாழ இதுதான் என்று அவர்கள் குறித்தார்கள். ஆகவே முதல் வாரத்தில் தானாகக் குளிக்க முடியவில்லையே என்று யாரும் மனம் நோக வேண்டாம். தட்டில் வைத்த இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோக வரவில்லை என்றால், முதல் உழைப்பை அங்கே போடுங்கள்.

நர்சிங் படிப்பில் டோரத்தியா ஓரெம் என்ற அமெரிக்க நர்ஸின் கோட்பாடு ஒன்று வரும். நோயாளிக்கு முழுக்கச் செய்துகொடுப்பது, பாதி செய்துகொடுப்பது, சொல்லிக்கொடுத்துப் பக்கத்தில் நிற்பது என்று அவர் மூன்று படி வைத்தார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது அது வெறும் பாடமாக இருந்தது. வீடுகளுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் மூன்றாம் படிக்கு நம் குடும்பங்களில் இடமே இல்லை என்று பார்த்தேன். பாசம் உள்ள வீட்டில் முழுக்கச் செய்துவிடுவார்கள். ஆள் இல்லாத வீட்டில் ஒன்றுமே நடக்காது. பக்கத்தில் நின்று, அவர் சட்டைப் பொத்தானை ஐந்து நிமிடம் தடவித் தடவிப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவருக்கும் பொறுமை கிடையாது. அந்த ஐந்து நிமிடம்தான் வைத்தியம்.

ஆரோக்கியமாக இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வந்தது. கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை கரைந்திருந்தது. நோயே இல்லாதவர்களுக்கு அப்படி என்றால் காய்ச்சலோடும் ஆபரேஷனோடும் படுத்தவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். "பாவம், படுத்திருக்கட்டும்" என்று சொல்லும் சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வார்டை விட்டு இறங்கும் முன்

நர்ஸ் செய்து காட்டுவதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். நீங்கள் செய்யுங்கள், அவர் பார்க்கட்டும். புரட்டிப் படுக்கவைப்பது, யூரின் பையைக் காலி செய்வது, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவது, இன்சுலின் போடுவது, வாக்கரோடு எழுப்புவது எதுவானாலும் ஒரு தடவை உங்கள் கையால் வார்டிலேயே நடக்க வேண்டும். வீட்டில் யார் இரவில் பார்க்கப் போகிறாரோ அவர் வந்து கற்றுக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் மகன் வந்து கேட்டுக்கொள்வார், செய்யப்போவது மருமகள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் மருந்துகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பழைய மாத்திரைகளில் எது நின்றது, எது தொடர்கிறது, புதிதாக வந்தது எத்தனை நாளைக்கு. நம் ஊரில் அடிக்கடி நடப்பது இது: அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் ஒரு டப்பாவில் இருக்கும். ஆஸ்பத்திரியில் எழுதிய அதே மருந்து வேறு கம்பெனிப் பெயரில் இன்னொரு கவரில் இருக்கும். இரண்டையும் விழுங்கி, காலையில் எழும்போது தலை சுற்றிக் கீழே விழுவார். அட்டையில் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள்: அம்லோடிபின், மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் என்று. அது ஒன்றாக இருந்தால் மருந்து ஒன்றே. நிறுத்திய மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஊசி மருந்து ஏற்றக் கையில் குத்திவைத்த வென்ஃப்ளான் என்ற சின்னக் குழாயை எடுத்தாகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு வீட்டுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

யூரின் டியூப் இருந்தால் இரண்டு கேள்வி: எதற்காகப் போட்டது, எப்போது எடுப்பது? காரணம் முடிந்த பிறகும் மறந்துபோய் மாதக்கணக்கில் கிடக்கும் டியூப்தான் கிருமியின் வாசல். தொடர வேண்டும் என்றால் லேடெக்ஸா சிலிக்கானா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லேடெக்ஸ் வகையை 2 முதல் 4 வாரத்தில் மாற்ற வேண்டியிருக்கும், சிலிக்கான் 3 மாதம்வரை தாங்கும்.

கட்டில், கழிப்பறை, நிலைப்படி

கட்டிலின் உயரம் அவர் ஓரத்தில் உட்காரும்போது இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியும் அளவு இருக்கட்டும். தொங்கும் கயிற்றுக் கட்டில் வேண்டாம், அதிலிருந்து எழ வாட்டசாட்டமான ஆளே திணறுவார். தரையில் பாய் விரித்துப் படுத்துப் பழகியவர்கள் "எனக்குக் கட்டில் ஒத்துக்காது" என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள், தரையிலிருந்து அவரைத் தூக்கும் இடுப்பு உங்களுடையது. பின்கட்டு அறையில் தள்ளாமல் கழிப்பறைக்குப் பக்கத்திலும் ஆள் நடமாட்டம் தெரியும் இடத்திலும் போடுங்கள்.

கீழே குத்தவைக்கும் கழிப்பறை மட்டும் இருக்கும் வீடுகளில் கமோடு சேர் கட்டாயம். பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு ஒப்பேற்றுவதைப் பார்க்கிறேன். ஈரத்தில் வழுக்கும், ஓரம் தொடையைக் கிழிக்கும். நாலு காலிலும் ரப்பர் குப்பி போட்ட இரும்புக் கமோடு சேர் மருத்துவச் சாமான் கடைகளில் வாடகைக்கும் கிடைக்கிறது. சுவரில் பிடிக்க ஒரு கம்பி வெல்டிங் பட்டறையில் சொல்லிப் பதியுங்கள். துண்டு போடும் ராடு ஆள் பாரத்தைத் தாங்காது. நிலைப்படிகளில் வெள்ளை பெயின்ட் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மிதியடிகளை எடுத்துவிடுங்கள். இரவு விளக்கு ஒன்று. கூப்பிட, எலெக்ட்ரிக் கடையில் விற்கும் ரிமோட் காலிங் பெல். அதுவும் இல்லையென்றால் எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் கை எட்டும் இடத்தில்.

எழுப்புவது

படுத்தவரை ஒரேயடியாக நிற்கவைக்காதீர்கள். ஒரு பக்கமாகப் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி உட்காரட்டும். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே இருக்கட்டும், கண் இருட்டுகிறதா என்று கேளுங்கள். பிறகு பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும்படி முன்னால் சாய்ந்து எழ வேண்டும். நாம் நேராக மேலே தூக்குவதால்தான் பின்னால் சரிகிறார்கள்.

பக்கவாதம் என்றால் நாற்காலியை நல்ல பக்கத்தில் போட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி உட்காரவையுங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசை தளர்ந்த தோள் மூட்டு அந்த இழுப்பிலேயே நழுவும், அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் அதே கேடுதான். இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட்டோ நாலாக மடித்த துண்டோ இறுக்கிக் கட்டி அதைப் பிடியுங்கள். உட்காரும்போது அந்தக் கை தொங்காமல் தலையணைமேல் இருக்கட்டும்.

இடுப்பு மூட்டில் பந்து மாற்றியிருந்தால் எந்த அசைவுக்குத் தடை, எத்தனை நாளைக்கு என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷனுக்குப் பொதுவாகச் சொல்வது: தரையில் உட்காரக்கூடாது, குத்தவைக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, முழங்கால் இடுப்பு மட்டத்துக்கு மேலே வரும்படி தாழ்வான இருக்கையில் அமரக்கூடாது. படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே தலையணை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஊன்றுகோல் ஆபரேஷன் பக்கத்துக்கு எதிர்க் கையில்.

குளியலும் உடையும் மானமும்

இந்த இடத்தில்தான் பெரியவர்கள் அடம்பிடிப்பார்கள். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். செல்லூரில் ஒரு தாத்தா மருமகள் கையால் உடம்பு துடைக்கச் சம்மதிக்கவே இல்லை. மகன் வேலை முடிந்து வரும்வரை ஈரத்தோடு கிடப்பார். நான் செய்தது இவ்வளவுதான்: இடுப்புக்குக் கீழே பழைய வேட்டியை விரித்துப் போட்டு, சோப்பு நீரில் பிழிந்த துணியை அவர் வலது கையில் கொடுத்து, "ஐயா, முன்பக்கம் நீங்களே துடைச்சுக்குங்க, நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன், முதுகை மட்டும் நான் பாக்குறேன்" என்றேன். துடைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து முதுகுக்கு மட்டும் மருமகள் போதும் என்றாகிவிட்டது. ஒரு கை வேலை செய்யும் எவருக்கும் முகம், மார்பு, முன்பக்கம் மூன்றும் அவருடைய பங்கு. வாளியும் மக்கும் அவர் கைக்கு எட்டவேண்டும், அவ்வளவே.

உட்கார முடிந்தால் பாத்ரூமில் முதுகு சாயும் நாற்காலி போட்டு வெந்நீரில் குளிக்கட்டும். தண்ணீர்ச் சூட்டை உங்கள் முழங்கையில் பாருங்கள். சர்க்கரைக்காரர்களின் காலுக்குச் சூடு தெரியாது. எண்ணெய்க் குளியல் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், தரையும் வழுக்கும் பிடிக்கிற கையும் வழுக்கும். படுக்கையில் துடைப்பதானால் கண்ணில் தொடங்கி, கடைசியில் மறைவிடம். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். மடிப்புகளை ஒற்றி உலர்த்துங்கள். பவுடரைக் கொட்டாதீர்கள், வியர்வையில் கட்டியாகி உறுத்தும்.

உடை போடும்போது பலவீனமான கை முதலில் நுழையும், கழற்றும்போது அது கடைசியில் வெளிவரும். முன்பக்கம் முழுசாகத் திறக்கும் நைட்டி, பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ தைத்த சட்டை. ஆயுசு முழுக்கச் சேலை கட்டிய அப்பத்தாக்கள் நைட்டியைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டால் பாதி பேர் சமாதானமாகிவிடுவார்கள்.

டயப்பருக்கு முன்

டயப்பரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் நாளே மாட்டிவிடுவதுதான் தப்பு. அடக்கும் பழக்கம் திரும்பிக்கொண்டிருக்கும் ஆளிடம் "அதிலேயே போங்க" என்றால் அந்தப் பழக்கம் போய்விடும். பகலில் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, கேட்காவிட்டாலும், கமோடில் உட்காரவையுங்கள். ஆண்களுக்கு யூரின் கேன் கட்டிலோரத்தில் தொங்கட்டும். காலையில் சூடாகக் காபியோ கஞ்சியோ குடித்த அரை மணிக்குள் குடல் தானாக அசையும், மலத்துக்கு அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதம் தரையில் படவில்லை என்றால் காலுக்கு அடியில் ஒரு மணை. டயப்பர் இரவுக்கும் பயணத்துக்கும். நனைந்ததும் மாற்றிவிட வேண்டும், விலையைப் பார்த்து ஊறவிட்டால் புண்ணுக்குச் செலவழிப்பீர்கள்.

இன்னொன்று, வீட்டில் யாருக்கும் தெரியாமல் நடப்பது. அடிக்கடி கூப்பிட்டுத் தொந்தரவு கொடுக்கிறோமே என்று பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். நாக்கு வறண்டு, மலம் கட்டி, சிறுநீர் மஞ்சளாகி எரிந்து, கடைசியில் மனம் குழம்பித் திரும்ப வார்டுக்கு வருவார்கள். இதயமோ சிறுநீரகமோ சரியில்லாதவர்களுக்கு டாக்டர் அளவு சொல்லியிருப்பார். மற்றவர்களுக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் காலையில் நிரப்பி, சாயங்காலம் எவ்வளவு மீதி என்று பாருங்கள்.

டியூப் உள்ளவர்களுக்கு: பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். டியூப் மடிந்திருக்கிறதா என்று படுக்கையைச் சரிசெய்யும்போதெல்லாம் பாருங்கள். டியூப் நுழையும் இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும், டெட்டால் வேண்டாம்.

சாப்பாடு

பக்கவாதம் வந்தவர்களுக்கு முழுங்குவதில் சிக்கல் இருந்தால் பச்சைத் தண்ணீர்தான் அதிக ஆபத்து. வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கெட்டியான கூழ், மசித்த சாதம், தயிர் போன்றவை மெதுவாக இறங்கும். எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று வார்டிலேயே சோதித்துச் சொல்லச் சொல்லுங்கள். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கி, சின்ன ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக. முந்தையது இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் வைக்காதீர்கள். சாப்பிட்டதும் இருமல், குரலில் ஈரமான கரகரப்பு, அடிக்கடி காய்ச்சல் இருந்தால் உணவு நுரையீரலுக்குப் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். முடித்ததும் விழுந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று விரலில் துணி சுற்றிப் பாருங்கள். வாயைக் காலையும் இரவும் சுத்தம் செய்வது நிமோனியாவைத் தடுக்கும் வேலை. பல்செட் இரவில் தண்ணீரில் இருக்கட்டும்.

முழுங்குவதில் சிக்கல் இல்லாதவர்கள் தன் கையால் சாப்பிடட்டும். ஓரம் உயர்ந்த தட்டு, அடியில் ஈரத் துணி போட்டால் நகராது. ஸ்பூன் காம்பில் துணியைச் சுற்றிப் பருமனாக்கினால் பலமில்லாத விரலும் பிடிக்கும். நெஞ்சில் ஒரு துண்டு கட்டுங்கள். பாதி சிந்தும், சிந்தட்டும். மீதி அரைத் தட்டை நீங்கள் ஊட்டிவிடலாம். நோய் ஆறும் உடம்புக்கு வெறும் கஞ்சி போதாது. சிறுநீரகத் தடை இல்லாவிட்டால் முட்டை, பருப்பு, பால், மீன் என்று ஒவ்வொரு வேளையிலும் ஒன்றாவது இருக்க வேண்டும்.

மூக்குக் குழாய் என்றால் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, குழாயில் மூக்கோரம் போட்ட அடையாளம் நகரவில்லை என்று பார்த்து, சொல்லிக்கொடுத்தபடி குழாய் வயிற்றில் இருப்பதை உறுதிசெய்த பிறகு ஊற்றுங்கள். வடிகட்டிய உணவு, ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, தானாக இறங்கும் வேகத்தில். முன்னும் பின்னும் கொஞ்சம் வெறும் தண்ணீர். முடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. மாத்திரைகளைப் பொடிக்கும் முன் கேளுங்கள். பெயரோடு எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருப்பவை மெல்ல மெல்லக் கரைய வேண்டியவை, பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக ஏறிவிடும்.

தோல்

வால் எலும்பு, இடுப்பு ஓரம், குதிகால் இந்த மூன்றையும் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் தப்பித்தீர்கள். வெளுக்கவே இல்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது, அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், எண்ணெய் மசாஜ் அடியில் உள்ள சதையை இன்னும் கெடுக்கும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தில் உட்காரவைப்பதும் வேண்டாம். சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அது நெரிக்கும்.

படுத்தே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். முழுசாகப் பக்கவாட்டில் கிடத்தாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் இடுப்பெலும்பில் பாரம் ஏறாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை மிதக்க விடுங்கள். மேலே இழுக்கும்போது ஆளைத் தேய்த்து இழுக்காமல், இடுப்புக்கு அடியில் குறுக்கே விரித்த துணியை இரண்டு பக்கமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். ஏர் பெட் நல்லதுதான், ஆனால் அது இருக்கிறது என்று திருப்புவதை நிறுத்திவிடுகிறார்கள். கரன்ட் போனால் அதுவும் வெறும் ரப்பர் விரிப்பு.

ராத்திரிக் குழப்பம்

வீட்டுக்கு வந்த முதல் வாரம் சிலர் ராத்திரியில் "நான் வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்து நிற்பார்கள், இல்லாதவர்களைக் கூப்பிடுவார்கள். பைத்தியம் என்றோ பேய் என்றோ முடிவுகட்ட வேண்டாம். திடீரென வந்து, நேரத்துக்கு நேரம் கூடிக் குறையும் குழப்பத்துக்கு உடம்பில்தான் காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, உப்புச் சத்துக் குறைவு, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை. டாக்டரிடம் சொல்லுங்கள். கூடவே கண்ணாடியும் காது மிஷினும் எடுத்து மாட்டுங்கள். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும், மதியத் தூக்கம் கொஞ்ச நேரம்தான். கட்டிப்போடுவது குழப்பத்தை மிகுதியாக்கும்.

எப்போது திரும்ப ஓட வேண்டும்

வாய் கோணுவது, புதிதாகக் கை விழுவது, பேச்சுக் குழறுவது, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, விழுந்து தலையில் அடி இவற்றுக்கு 108. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் போக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள். முதியவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். திடீரென்று சாப்பாட்டை ஒதுக்கி, தூங்கி வழிந்தால் அதுவே அடையாளம்.

சர்க்கரைக்காரர் சரியாகச் சாப்பிடாத நாளில் இன்சுலினையும் மாத்திரையையும் பழைய அளவில் கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். வியர்த்து, நடுங்கி, பேச்சு மாறினால் சர்க்கரையைச் சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்து, நினைவோடு முழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பார்த்துக்கொள்பவர்

ஒரே பெண்ணின் தலையில் இருபத்து நாலு மணி நேரத்தையும் கட்டாதீர்கள். இரவு ஒருவர், பகல் ஒருவர் என்று பிரித்து, ஊரில் இல்லாத பிள்ளைகள் பணத்தாலாவது ஆள் போடட்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அந்த ஆறு வரித் தாளைச் சுவரில் ஒட்டிக் காட்டுங்கள். இல்லையென்றால் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று எல்லாவற்றையும் அவரே செய்துவிடுவார். வாரத்துக்கு ஒருமுறை தாளில் தேதி போட்டுக் கட்டங்களை மாற்றிக் குறியுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை மட்டுமல்ல, பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து செய்ய ஏற்பாடு உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சம்மரியைக் காட்டிப் பெயர் பதியுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104. கவனிப்பாரற்ற முதியவர்கள், கொடுமை, பென்ஷன் சிக்கல் போன்றவற்றுக்கு 14567.

திரும்பக் காட்டும் நாளில் சம்மரி, எல்லா மாத்திரை அட்டைகளும், பிரஷர் சர்க்கரை எழுதிய நோட்டு, அந்தத் தாள், ஒரு மாற்றுத் துணி, யூரின் கேன், பிஸ்கட். நீர் போக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அன்று மட்டும் அதை வீடு திரும்பிய பிறகு கொடுக்கலாமா என்று முந்தைய நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி அவர் கூனிக்குறுக வேண்டியதில்லை.